தையலுக்கு விட்டு வெட்டிய எஞ்சின்

இதை எழுதுகிறவன் விஜயராணியை முதன்முதலில் சந்தித்தது ஒரு திட்டோடு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிது. குடும்பத்திலேயே கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் என்ற மிதப்போடு சாம்பிள் ரூமுக்குள் நுழைந்தவன், கட்டிங் டேபிள் மேல் நின்றிருந்த பித்தளைக் குழாயைப் பேனா ஸ்டாண்டு என்று நினைத்து, அதில் தன் பேனாவைச் செருகிவிட்டான்.

"எடுங்க அத!" துணியடுக்குக்கு அந்தப் பக்கமிருந்து கத்தரியோடு நிமிர்ந்தார் ஒரு பெண். "அது புகைபோக்கி கண்ணு. உள்ள கீறல் உளுந்தா நீங்களா வந்து பாலீஷ் போடுவீங்க?"

"எதுக்குங்க்கா புகைபோக்கி?"

"ரயில் எஞ்சினுக்கு. வேறெதுக்கு, கொசு வெரட்டவா?"

அறையில் இருந்த யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் முன்பே சிரித்து ஓய்ந்திருந்தார்கள்.

அப்போது விஜயராணிக்கு வயது நாற்பத்தைந்தை ஒட்டி இருக்கும். திருப்பூரின் மண்ணரைப் பகுதியில் வீடு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தையல்காரர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு வந்தவர், செக்கிங்குக்குப் போய், அங்கிருந்து கட்டிங் டேபிளுக்கு வந்தார். அது ஆண்கள் நிற்கும் டேபிள். பொம்பளை கைக்குக் கத்தரி கனக்கும் என்று சொன்ன மாஸ்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கத்தரி விஜயராணியிடம் இருக்கிறது.

எஞ்சின் கதை அதற்கும் முன்பே ஒரு கல்யாணத்தில் தொடங்கியது. கோயம்புத்தூரில் உறவுக்காரர் வீட்டு முகூர்த்தம். மண்டபத்தின் இன்னொரு ஹாலில் மாதிரி ரயில் செய்கிறவர்களின் சங்கம் கண்காட்சி போட்டிருந்தது. கை கழுவப் போன விஜயராணி, பட்டுச்சேலையோடு அங்கே நுழைந்துவிட்டார். முழங்கை நீளத்துக்கு ஓர் எஞ்சின் நிஜமான ஆவியைக் கக்கிக்கொண்டு வட்டமடித்தது. மின்சாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை. கொஞ்சம் தண்ணீர், அடியில் ஸ்பிரிட் விளக்கு, அவ்வளவுதான்.

"ஏனுங்க, இந்த ஆவி எப்பிடி சக்கரத்தச் சுத்துது? சுத்தீட்டு எங்க போகுது?"

சங்கத்தின் செயலாளர் சுரேந்தர், பம்ப் உதிரிபாகக் கம்பெனி நடத்துகிறவர், நல்ல மனிதர்தான். சிரித்த முகத்தோடுதான் சொன்னார்: "அது கொஞ்சம் டெக்னிக்கலுங்கம்மா. நீங்க பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்குங்க."

மனைவியைத் தேடி வந்த ஈஸ்வரமூர்த்தி சட்டென்று போனைத் தூக்கி எடுத்தும்விட்டார். அந்தப் போட்டோ இன்னும் அவர் போனில் இருக்கிறது. அதில் விஜயராணி போனைப் பார்க்கவில்லை, எஞ்சினையும் பார்க்கவில்லை. சுரேந்தரைப் பார்க்கிறார்.

திரும்பும் பஸ் அவினாசியைத் தாண்டியது. அப்போது விஜயராணி சொன்னார்:

"அடுத்த வருசம் அதே தண்டவாளத்துல என்ற எஞ்சின் ஓடோணும்."

"எந்த எஞ்சின்?"

"இனிமேத்தான் செய்யோணும்."

ஈஸ்வரமூர்த்தி கம்பெனி வேன் ஓட்டுகிறவர். "ஏம்புள்ள, இத்தன வருசமா வேன் ஓட்டறேன். எனக்கே எஞ்சினு ஒண்ணும் புரியல."

"அதனாலதானுங்க அது மாசம் ஒருக்கா நடுரோட்டுல நிக்குது."

இதைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் அவர்கள் விஜயராணியை அறியாதவர்கள். பொழுது என்ற ஒன்று அவரிடம் மிச்சமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளும், வேலைக்குக் கிளம்பும் முன் கிடைக்கிற காலை நேரமும்தான். வீட்டில் துணி தேய்க்கும் மேசை எஞ்சின் மேசையானது. நான்கு சக்கரமுள்ள, தண்ணீர்த் தொட்டியைப் பக்கவாட்டில் சுமக்கிற சின்ன எஞ்சின் ஒன்றின் வரைபடத்தை இணையத்தில் தேடி எடுத்தார். இங்கிலீஷ்காரர்கள் செய்யும் வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். பேச்சு புரியாவிட்டால் என்ன, கை தெரிகிறதே. கொதிகலனையும் சிலிண்டர்களையும் மட்டும், சோதனை செய்து சான்றிதழோடு விற்பவர்களிடம் வாங்கிக்கொண்டார். கொதிகலனில் கத்துக்குட்டி கை வைக்கக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் மட்டும் அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

மற்றதெல்லாம் சண்டைதான். முதலில் ரேடியோ ரிப்பேர்காரர்கள் வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்னால் பற்றவைக்கப் பார்த்தார். பித்தளைத் தகடு அத்தனை சூட்டையும் குடித்துவிட்டு, ஈயத்தை உருண்டை உருண்டையாக உதறித் தள்ளியது. கேஸ் டார்ச்சுக்கு மாறினார். இப்போது ஒரு மூலையைப் பற்றவைத்தால் முன்பு பற்றவைத்த மூலை கழன்று விழுந்தது. பழைய மூலை சூடாகாமல் இருக்க அதன்மேல் ஈரத்துணி போட வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தார். துணிக்கா பஞ்சம்? கம்பெனியில் கிடைத்த பனியன் வேஸ்ட் துணியை நனைத்துப் போட்டார். அது காட்டன் அல்ல, பாலியெஸ்டர். உருகித் தகட்டோடு ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிறு முழுதும் போயிற்று.

"ஊட்ல மனுசன் இருக்க முடியல, பிளாஸ்டிக் நாத்தம்," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"வாசல்ல போய் உக்காருங்க. எஞ்சின் ஓடறப்ப கூப்புடறேன்."

சில இடங்களில் தொழில் கைகொடுத்தது. ரயில் எஞ்சினுக்கு அழகே வரிசை வரிசையான ஆணித்தலைகள்தான். பேட்டர்ன் அட்டையில் புள்ளி வைக்கும் ட்ரேசிங் வீலைத் தகட்டின் உட்பக்கம் உருட்டினார். சம இடைவெளியில் புள்ளிகள் விழுந்தன. ஒவ்வொரு புள்ளியிலும் மழுங்கிய ஊசியை வைத்து ஒரு தட்டு. வெளிப்பக்கம் ஆணித்தலை எழும்பியது. அன்று ஈஸ்வரமூர்த்தி வாசலிலிருந்து எழுந்து வந்தார். விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் கைகொடுத்த தொழிலே காலையும் வாரியது.

சக்கரங்களைக் கடைந்து கொடுத்தவர் ராஜா முகமது. மண்ணரையிலேயே லேத் பட்டறை, தையல் மெஷின் ஸ்பேர்தான் அவருக்குப் பிழைப்பு. எல்லாப் பாகங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருநாள் விஜயராணி அங்கே கொண்டுபோனார். டிரைவர் அறையை வைத்தால் அது சக்கரங்களைத் தாண்டி இரண்டு பக்கமும் பிதுங்கியது. கூரை, சின்னப் பையன் போட்ட அப்பன் சட்டை மாதிரி தொங்கியது. தண்ணீர்த் தொட்டிக்கும் கொதிகலனுக்கும் நடுவே விரல் போகிற சந்து.

ராஜா முகமது வரைபடத்தை அளந்தார், தகட்டை அளந்தார், மறுபடி வரைபடத்தை அளந்தார். அப்புறம் லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அக்கா, எல்லாத் தகட்டுலயும் ஓரத்துக்கு ஓரம் கூடுதலா வெட்டியிருக்கீங்க. தையலுக்கு விட்டீங்களா?"

விஜயராணி தன் கையைத் திருப்பிப் பார்த்தார். டீசர்ட் வெட்டுகிற கை அது. வரைபடத்திலிருந்து பேட்டர்ன் அட்டை எடுத்து, அட்டையைத் தகட்டில் வைத்து, கோட்டுக்கு வெளியே தையலுக்குக் கொஞ்சம், துவைத்தால் சுருங்குவதற்குக் கொஞ்சம் விட்டு வெட்டியிருக்கிறது. அவரைக் கேட்காமலே செய்திருக்கிறது.

"பித்தளைய எத்தன தண்ணி அலசுனாலும் சுருங்காதுங்க்கா," என்றார் ராஜா முகமது. "பேசாம எல்லாத்தயும் எடைக்குப் போட்டுட்டு மறுபடி மொதல்ல இருந்து வெட்டுங்க."

"மறுபடி வெட்டுனா கண்காட்சிக்கு ஆகாது."

"அடுத்த வருசம் போலாம்."

"இந்த வருசம்னு சொல்லீட்டேன்."

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"பஸ்ஸுல சொன்னேன். போதாதா?"

வீட்டுக்கு வந்து தகடுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அளவு கூடிப்போன டீசர்ட்டை யாரும் எடைக்குப் போடுவதில்லை. உள்ளே மடித்துத் தைத்தால் தீர்ந்தது. பித்தளைக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? தகட்டின் ஓரத்தைச் சூடுகாட்டி இளக்கி, இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே கவ்வவைத்து, மரச்சுத்தியால் தட்டி உட்பக்கம் மடித்தார். பேண்ட் அடியில் மடிப்பு விழுவதுபோலச் சீராக விழுந்தது. மடிப்போடு மடிப்பைச் சேர்த்துப் பற்றவைத்தபோது மூட்டு முன்னைவிட உறுதியாக நின்றது. டிரைவர் அறை அளவுக்கு வந்தது. தொட்டி அளவுக்கு வந்தது. கூரையும் வந்தது.

ஒன்று மட்டும் வரவில்லை. சக்கரங்களுக்கு மேல் எஞ்சினின் இருபுறமும் நீள்கிற நடைத்தகடு. அதை முன்பே சட்டத்தோடு பற்றவைத்தாயிற்று. அடியில் குழாய்கள் இருந்ததால் மடிக்க இடமில்லை. அறுத்துவிடலாம் என்றால், அந்தத் தகட்டில் மட்டும் ஆணித்தலைகளை விளிம்பை ஒட்டியே எழுப்பியிருந்தார். அறுத்தால் அத்தனையும் போகும்.

"அது கெடக்கட்டும்," என்றார் விஜயராணி. "கொஞ்சம் அகலமாத்தான் இருக்கட்டுமே."

கண்காட்சியன்று ஈஸ்வரமூர்த்தி வேனுக்கு லீவு சொன்னார். ராஜா முகமது பட்டறையைப் பூட்டினார். எஞ்சின் பழைய பனியன்களில் பொதிந்து கோயம்புத்தூர் போயிற்று.

சுரேந்தருக்கு விஜயராணியை ஞாபகமில்லை. எஞ்சினைக் கையில் வாங்கி நிதானமாகத் திருப்பிப் பார்த்தார். டிரைவர் அறைக்குள் எட்டிப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"என்னங்கம்மா, ஓரமெல்லாம் மடிச்சிருக்கு? எஞ்சின்ல எங்கயும் இப்படி வராதுங்களே."

"இதுல வருமுங்க."

"வேலைப்பாடு நல்லாருக்கு. இல்லைன்னு சொல்லல." வாசலருகே ஒரு டேபிளைக் காட்டினார். கம்பளி நூல் மயில், தீக்குச்சிக் கோபுரம், பனியன் துணியில் செய்த பொம்மைகள். மேலே 'கைவினைப் பொருட்கள்' என்று எழுதியிருந்தது. "அங்க வெச்சிருங்க. லேடீஸ் நெறைய வருவாங்க, பாப்பாங்க."

"ஏனுங்க, ஆவியில ஓடறது எஞ்சினா, கைவினையா?"

"ஓடுனா எஞ்சின்தானுங்க."

"அப்பத் தண்டவாளத்துக்கு வழி விடுங்க. ஓடலீன்னா நானே கொண்டுபோய் அந்த மயிலு பக்கத்துல வெக்கறேன்."

சுரேந்தர் நியாயஸ்தர். கொதிகலன் சான்றிதழைப் பார்த்தார், சேஃப்டி வால்வு திறக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரி. கடைசியாக ஓர் அட்டை வளைவை எடுத்தார். எந்த எஞ்சினும் அதற்குள் நுழைந்து வர வேண்டும், அது சங்கத்தின் வழக்கம். விஜயராணியின் எஞ்சின் நுழையவில்லை. நடைத்தகடு தட்டியது.

"மன்னிச்சுக்குங்கம்மா. இது ஸ்டேஷன்ல முட்டும்."

தண்டவாளத்தை ஒட்டி அழகான ஒரு ஸ்டேஷன் இருந்தது. பிளாட்பாரம், டீக்கடை, பெட்டியோடு நிற்கும் பொடிப்பொடி மனிதர்கள். விஜயராணி குனிந்து பார்த்தார். விரல் நகத்தால் பிளாட்பாரத்தைத் தட்டியும் பார்த்தார்.

"இது எதுல செஞ்சதுங்க?"

"தெர்மோகோலும் அட்டையும்."

"அப்ப நகத்துங்க."

"எதைங்க?"

"ஸ்டேஷன."

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுரேந்தர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். "அம்மா, எஞ்சினுக்காக யாராச்சும் ஸ்டேஷன நகத்துவாங்களா?"

"பித்தளை சுருங்காதுங்க. நான் அடிபட்டுத் தெரிஞ்சுகிட்டேன். அட்டை நகருமுங்க. நெசமான ஆவில ஓடற எஞ்சின் வந்து நிக்குது, தெர்மோகோல் ஸ்டேஷன் வழி விடாதுங்களா?"

யாரும் நகரவில்லை. அப்போது ஈஸ்வரமூர்த்தி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிளாட்பாரத்தின் ஒரு முனையில் போய் நின்றார்.

"நான் இந்தப் பக்கம் புடிக்கறனுங்க. நீங்க அந்தப் பக்கம் புடிங்க."

சுரேந்தர் அவரைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். கடைசியில் அவரே ஒரு பிளேடை வாங்கிப் பசையை அறுத்தார். ஸ்டேஷன் ஒரு கட்டைவிரல் அகலம் நகர்ந்தது. டீக்கடைக்காரர் மட்டும் குப்புற விழுந்தார். ராஜா முகமது அவரை எடுத்து நிற்கவைத்தார்.

விளக்கு ஏற்றி, தண்ணீர் கொதித்து, ஆவி அழுத்தம் காட்டும் முள் ஏறியது. விஜயராணி வால்வைத் திறந்தார். எஞ்சின் ஓரடி நகர்ந்தது. புகைபோக்கி வழியே வெந்நீரைத் துப்பிவிட்டு நின்றுபோயிற்று. பின்னால் யாரோ, "மயிலுக்குத் தொணை வந்துருச்சு," என்றார்கள்.

விஜயராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் இது எத்தனையோ தடவை நடந்ததுதான். சிலிண்டர் குளிர்ந்திருந்தால் உள்ளே போகும் ஆவி தண்ணீராகிவிடும். பனியன் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு எஞ்சினை முன்னும் பின்னும் தள்ளினார். தண்ணீர் தெறித்தது, மறுபடி தெறித்தது, பிறகு வெறும் ஆவி வந்தது. கையை எடுத்தார்.

எஞ்சின் போயிற்று. முதலில் தயங்கி, வளைவில் முனகி, அப்புறம் டக் டக்கென்று தாளம் பிடித்துக்கொண்டு. ஸ்டேஷனைத் தாண்டும்போது அகலமான நடைத்தகட்டுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. முட்டவில்லை.

கூட்டத்திலிருந்து ஒருவர் போனைத் தூக்கினார். "அக்கா, எஞ்சின் பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ."

"போட்டோ அப்பறம்," என்றார் விஜயராணி. "மொதல்ல ஆவி எங்க போகுதுன்னு கேளுங்க. சொல்றேன்."

ஆவி எங்கே போகிறது என்று கேட்டவர் சுரேந்தர்தான். அவர் முகத்தில் அப்போதுதான் பழைய ஞாபகம் வந்தது.

விஜயராணி இன்றும் அதே கம்பெனியில் சாம்பிள் கட்டிங் பார்க்கிறார், மண்ணரையில்தான் இருக்கிறார். சங்கத்தில் உறுப்பினராகிவிட்டார். ஸ்டேஷனை யாரும் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை. இரண்டாவது எஞ்சினுக்குத் தகடு வெட்டி முடித்திருக்கிறார். அதிலும் மடிப்புக்கு விட்டுத்தான் வெட்டியிருக்கிறார். இந்த முறை தெரிந்தே.