ஒரு கரண்டி பால்

செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் பஞ்சாயத்து யூனியன்காரர்கள் பால்வாடி திறந்தது அறுபத்து மூன்றில். டீச்சராக வந்தவர் நீலாஞ்சனா. ஜைனர் வீட்டுப் பெண், எட்டாவது வரை படித்தவர். தகப்பனார் விருஷபதாஸ் வேர்க்கடலை போடுகிறவர். டீச்சர் இருபத்திரண்டு பிள்ளைகளையும் மேய்த்து அனுப்பிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு ஓடுவார். இருட்டினால் அவர்கள் வீட்டில் சாப்பிட மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு அவர் கணக்கென்று தனியாக ஏதும் உருப்போட வைத்து நான் பார்த்ததில்லை. மளிகைக்கடை தனசேகரன் மகன் ராஜகோபால் ஐம்பது வரை மூச்சுவிடாமல் சொல்வான். ஐந்து புளியங்கொட்டை கேட்டால் ஒரு கை அள்ளித் தருவான். ஆடு மேய்க்கிறவர் மகள் மீனம்பாளுக்கு மூன்றுக்கு மேல் வராது. ஆனால் கூட்டத்தில் ஒரு பிள்ளை குறைந்தால் முதலில் அவள்தான் சொல்வாள். என் மகள் சாமுண்டீஸ்வரி எண்ணினால், 'லாபம், ரெண்டு, மூணு' என்று போகும். நான் மண்டியில் நெல் அளக்கிறவன். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பதுதான் எங்கள் வழக்கம். அவள் நெல் குவியல் மேலேயே வளர்ந்தவள்.

டீச்சர் யாரையும் அதட்டித் திருத்தவில்லை. "அவங்க அவங்க வழியில வரட்டும்ணே" என்பார்.

இரண்டு வருஷம் கழித்து, பால்வாடியை நடத்துவதா மூடுவதா என்று எழுதிப்போக ஓர் அதிகாரி அம்மா ஜீப்பில் வந்தார். பால் பவுடர் மூட்டையை இறக்கிவிட்டு நான் வாசலில் நின்றேன். அந்த அம்மா ஒவ்வொருவரையும் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு, எண்ணச் சொன்னார். சாமுண்டி "லாபம்" என்றதும் நோட்டில் ஒரு கோடு. மீனம்பாள் மூன்றில் நின்றதும் இன்னொரு கோடு. டீச்சர் முகம் சுண்டிப்போனது.

பிறகு பால் நேரம். பிள்ளைகள் அவரவர் வீட்டுப் பாத்திரத்தோடு உட்கார்ந்தார்கள். டீச்சர் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினார். ராஜகோபாலின் ஒல்லி எவர்சில்வர் டம்ளரில் பால் விளிம்பைத் தொட்டது. மீனம்பாளின் வாயகன்ற அலுமினியக் கிண்ணத்தில் அடி மட்டும் நனைந்த மாதிரி கிடந்தது.

அதிகாரி அம்மா அதைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, கடைக்காரர் பையனுக்கு ரொம்ப ரொம்ப, ஆட்டுக்காரர் பொண்ணுக்கு இத்தனூண்டா? இதையும் எழுதத்தான் போறேன்."

நான், "அம்மா, அது வந்து..." என்றேன்.

"நீ யாருய்யா? வெளிய நில்லு."

பால் மீசையோடு சாமுண்டி எழுந்தாள். "இன்னாத்துக்கு டீச்சரத் திட்டற? அல்லாருக்கும் ஒரு கரண்டி. கீழயும் சிந்தல. அப்புறம் எப்டி கொறையும்?"

"கொறைவாத்தானே தெரியுது?"

"அது கிண்ணம் பெருசு. டேய் ராஜகோபாலு, சீக்கிரம் குட்ரா."

அவன் மடமடவென்று காலி செய்தான். அந்த டம்ளரில் மீனம்பாளின் பாலை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள் என் மகள். பால் ஏறி ஏறி அதே விளிம்பில் வந்து நின்றது.

ராஜகோபால் எட்டிப் பார்த்தான். "ஐய, எம் பாலு திரும்ப வந்துடுச்சு" என்று கையை நீட்டினான். மீனம்பாள் அந்தக் கையில் ஓர் அடி வைத்தாள். "என்னுதுடா."

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். போட்ட கோடுகளை அடித்துவிட்டு, பால்வாடி தொடர்ந்து நடக்கலாம் என்று எழுதி, டீச்சரிடமே படித்துக் காட்டினார்.

ஜீப்பில் ஏறும்போது கேட்டார்: "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி டம்ளர் அனுப்பச் சொல்லட்டுமா?"

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வேணாங்கம்மா. அப்புறம் இதுங்க எத வச்சி சண்ட போடும்?"