செவ்வாய்க்குப் போனவள் என் மனைவி

என் மனைவி சுந்தரவல்லி முப்பத்தோரு முறை விண்வெளிக்குப் போய்வந்தவள். திருநகர் வீட்டில் மத்தியானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு கிளம்புவாள். நாலரைக்குப் பால்காரர் மணியடித்தால் பூமிக்குத் திரும்பிவிடுவாள். அவள் எழுதிய மாத நாவல்கள் முப்பத்தொன்றின் அட்டையிலும் இருக்கும் பெயர் ராதாகிருஷ்ணன். அது நான்தான். கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு விண்வெளியைப் பற்றி ஒரு எழவும் தெரியாது.

எண்பதுகளில் ஆரம்பித்த கூத்து இது. ஆரப்பாளையத்தில் இருந்த பதிப்பாளர் முதல் கதையைப் படித்துவிட்டுத் துள்ளினார். எழுதியவர் பெயரைக் கேட்டதும் முகம் சுண்டிப்போனது.

"பொம்பள பேர்ல ராக்கெட் கதை போட்டா, சமையல் புக்குன்னு நெனச்சு ஒரு பய தொட மாட்டான். ஒங்க பேரையே போட்ருவோம் சார்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "இந்த ஒரு கதைக்கு மட்டுந்தானே?" என்று கேட்டாள் வல்லி. வாய் கூசாமல் ஆமாம் என்றேன்.

அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம். முதலில் அட்டைப்படம், அப்புறம்தான் கதை. ஓவியர் பேயாண்டி தன் இஷ்டத்துக்கு எதையாவது வரைந்துவிடுவார். அட்டை அச்சாகி வந்துவிடும். அதற்குத் தக்கபடி வல்லி கதை பண்ணவேண்டும். ஒரு தடவை விண்வெளி உடுப்பு மாட்டிய பெண்ணின் ஹெல்மெட்டைச் சுற்றி ரெண்டு முழம் மல்லிகைப்பூ!

"என்னப்பா அநியாயம் இது?" என்றேன்.

"அண்ணே, இம்புட்டுப் பெரிய சட்டியக் கவுத்துட்டா, பொம்பளப் புள்ளைன்னு எப்புடித் தெரியும்?" என்றார் பேயாண்டி.

வல்லி படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, காற்றில் விஷம் கலந்தால் உடனே கருத்துவிடும் பூ அது என்று எழுதி, அந்தப் பெண் உயிர் பிழைப்பதையே அதில் கொண்டுபோய் வைத்தாள். பாராட்டுக் கடிதங்கள் எனக்கு வந்தன. வெட்கங்கெட்டவன், பதிலும் போட்டேன்.

போன வருடம் சென்னையிலிருந்து ரம்யாஸ்ரீ என்ற இளம் பதிப்பாளர் வந்தார். பேயாண்டியின் அட்டைகளுக்கு இப்போது ஏகக் கிராக்கியாம். அதே அட்டைகளோடு பத்து நாவல்களை மறுபடி அச்சடித்து, மதுரையிலேயே வெளியீட்டு விழா வைக்கப்போவதாகச் சொன்னார். வல்லி காபி கொடுத்தாள். அவர் போனதும், "இந்தத் தடவையாவது என் பேரு வருமா?" என்றாள். நாற்பது வருடத்தில் அவள் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

ரம்யாஸ்ரீக்குப் போன் போட்டுச் சொல்லத் துப்பில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று நான் இழுத்தடித்ததில் புத்தகமே அச்சாகிவிட்டது. "மேடையில எல்லார் முன்னாலயும் சொல்லிடுறேன். அடுத்த பதிப்புல மாத்திருவாங்க" என்று வல்லிக்கு வாக்குக் கொடுத்தேன்.

விழாவில் சால்வை போர்த்தினார்கள். ஏற்புரைக்கு எழுந்தேன். முதல் வரிசையில் வல்லி, மடியில் கை வைத்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கதைகளில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அத்தனையும் என் மனைவி சுந்தரவல்லி எழுதியது" என்றேன்.

மண்டபமே அதிரும்படி கைதட்டினார்கள். அப்பாடா என்றிருந்தது. தொகுப்பாளர் மைக்கைப் பிடுங்கினார்.

"ஆகா, என்ன தன்னடக்கம்! வெற்றிக்கெல்லாம் மனைவிதான் காரணம்னு எத்தனை அழகாச் சொல்லிட்டார்!"

ஐயோ! எந்த எழுத்தாளன்தான் பெண்டாட்டியைப் புகழாமல் மேடையை விட்டு இறங்கியிருக்கிறான்? நான் அதை யோசிக்கவே இல்லை.

"நெசமாத்தான் சொல்றேன், அவதான்யா எழுதுனா!" என்று கத்தினேன். பின்வரிசையில் விசிலடித்தார்கள்.

ரம்யாஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு வல்லியை மேடைக்கு அழைத்து, அவள் கையில் இன்னொரு சால்வையைக் கொடுத்து, எனக்குப் போர்த்தச் சொன்னார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். வல்லி சிரித்தபடியே, அங்கே வேறு யாருக்கும் விளங்காதபடி, எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிர மொழியில் காதருகே சொன்னாள்:

"உண்மையைச் சொன்னதுக்கும் கைதட்டு உங்களுக்குத்தான்."

சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.