பிரேக் லைட் ஊதிக்காட்டிய காலம்

காலையில் விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்காமலே அவர் முதலில் மூக்கைத்தான் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருக்கிறதா, நேற்றைவிடத் தடித்திருக்கிறதா, ராத்திரியோடு ராத்திரியாகப் புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்த பிறகுதான் கண்ணைத் திறக்கும் தைரியமே வரும். காரியம் கெட்டால் இன்று யார் முகத்தில் விழித்தேனோ என்று ஊரார் அலுத்துக்கொள்வார்கள். இவருக்குத் தன் முகத்தில் விழிக்கவே பயம்.

பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். ஓட்டுவதில் சூரர். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற பிள்ளைக்குத் தூக்கம் கலையாமல் கொண்டுபோய் இறக்குவார். மது என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. விருந்தில் யாராவது பக்கத்தில் பாட்டிலைத் திறந்தால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுகிற ஆள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று எரியும். மூக்கு வீங்கி, அதன்மேல் பொரிப்பொரியாகக் கட்டிகள். கண் இரண்டும் ஒரு வாரம் தூங்காதவன் கண்போல இருக்கும். ஷெட்டில் மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் லைட்.

“எல்லா வண்டிக்கும் பிரேக் லைட் பின்னாடி எரியும். நம்ம அண்ணன் வண்டிக்கு மட்டும் முன்னாடி எரியுது” என்பான் ஒருவன். ஷெட்டே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டுப் போய்ப் பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொள்வார். 

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஷெட்டில் வண்டிச் சாவி மேனேஜர் அறையில்தான் தொங்கும். மேஜைமேல், குடித்திருக்கிறார்களா என்று காட்டுகிற, ஊதுகிற மெஷின் ஒன்று இருக்கும். ஒவ்வொரு டிரைவரும் காலையில் அதில் ஊதி, மேனேஜரம்மா எண்ணைப் பார்த்துத் தலையசைத்த பிறகே சாவி கைக்கு வரும். அவர் ஊதினால் எப்போதும் சைபர்தான். ஆனாலும் அந்த அம்மா எண்ணைப் பார்த்துவிட்டு ஒருமுறை அவர் முகத்தையும் பார்ப்பார். மெஷின் சொல்வதை நம்புவதா, மூக்கு சொல்வதை நம்புவதா என்று யோசிப்பதுபோல இருக்கும் அந்தப் பார்வை.

இது ஆரம்பித்துப் பல வருஷம் ஆயிற்று. முதலில் சவரம் செய்தால் எரிச்சல், வெயிலில் நின்றால் சிவப்பு என்றுதான் இருந்தது. பருவுக்கான சோப்பு, அலர்ஜி மாத்திரை, யார் யாரோ சொன்ன பூச்சு என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் மருந்துக் கடை வைத்திருக்கிற மச்சினன் ஒரு சின்ன டியூபைக் கொடுத்தான். “மாமா, இதைப் போட்டுப் பாருங்க. அப்புறம் வந்து எனக்குக் கும்பிடு போடுவீங்க.”

போட்டார். சொல்லி வைத்ததுபோல நாலைந்து நாளில் முகம் வெளுத்துவிட்டது. மச்சினனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். ஆனால் ஒரு நாள் போடாமல் விட்டால் மறுநாள் முகம் நெருப்பாக எரியும். உடனே மறுபடி போடுவார், அடங்கும். இப்படியே டியூபுக்கு மேல் டியூபாக இரண்டு வருஷம் ஓடியது. அப்புறம் போட்டாலும் பழையபடி முழுசாக அடங்கவில்லை. கட்டிகள் வந்தன, தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் கொடி கொடியாகத் தெரிந்தன. அவரோ மருந்து போதவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அப்பினார்.

வீட்டிலும் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் அவர் உள்ளே நுழைந்ததும் மனைவி துண்டை நீட்டுவாள். நீட்டும்போது தேவைக்கு மேல் ஒரு எட்டு கிட்டே வருவாள். மூக்கு லேசாக விடைக்கும். அவ்வளவுதான், போய்விடுவாள். அவள் மோந்து பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. கேட்டுவிட்டால் அவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தே அவர் கேட்காமல் இருந்தார்.

மூன்றாவது நிறுத்தத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா தன் மகளை ஏற்றிவிடுவாள். ஒரு நாள் அவள் படியோரம் நின்று டிரைவரையே பார்த்தாள். பிறகு கைபேசியை உயர்த்தி அவரைப் படம் பிடித்தாள்.  அவருக்குக் கியர் போடக் கை வரவில்லை.

அன்று இரவு முழுக்க அவருக்கு ஒரே எண்ணம். அந்தப் படம் இந்நேரம் மேனேஜருக்குப் போயிருக்கும், நாளை மேனேஜர் அறைக்குள் நாலு பேர் இருப்பார்கள், கிட்டே வந்து பார்ப்பார்கள், வாயில் காலைக் காப்பி வாடைகூட அடிக்கக் கூடாது. அதனால் விடிந்ததும் போகிற வழியில் வாய் கொப்பளிக்கிற திரவம் ஒரு பாட்டில் வாங்கினார். ஷெட் வாசலில் நின்று ஒரு முறைக்கு இரண்டு முறையாகக் கொப்பளித்துத் துப்பினார். நேரே உள்ளே போய் ஊதினார். மெஷின் வீல் என்று கத்தியது.

அந்தத் திரவத்தில் சாராயச் சத்து உண்டு என்பது, ஜென்மத்தில் சாராயம் தொடாத அவருக்கு எப்படித் தெரியும்? அறையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி மறுபடி ஊதச் சொன்னார்கள். சைபர். ஆனால் முதலில் கத்தியதைக் கேட்ட காதுகள் கேட்டதுதான்.

“நான் நம்புறேன் டிரைவர்” என்றார் மேனேஜரம்மா. “ஆனா உங்க போட்டோ பெத்தவங்க குரூப்ல சுத்திட்டிருக்கு. அடுத்த மாசம் பெத்தவங்க கூட்டம். அதுவரைக்கும் ஷெட்லயே வேலை பாருங்க. டாக்டர்கிட்ட போய் இது என்னன்னு பாத்துட்டு வாங்க. கூட்டத்துல அவங்க சரின்னா வண்டி. இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல.”

ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. குடித்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றினான் என்ற பெயரோடு வெளியே போனால் எவன் ஸ்டியரிங்கைக் கொடுப்பான்? மற்றவர்கள் வண்டியைக் கழுவிக்கொண்டே அவர் அதைத்தான் நினைத்தார்.

தோல் டாக்டர் ஒரு பெண். டிரைவர் முகத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு, “இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க? எல்லாத்தையும் காட்டுங்க” என்றார். டிரைவர் தன் பையிலிருந்து டியூபை எடுத்தார். டாக்டர் அதைத் திருப்பிப் படித்துவிட்டு மேஜையில் வைத்தார்.

“இது ரோசேசியாங்கற தோல் வியாதி. குடிப்பழக்கத்துக்கும் இதுக்கும் முடிச்சுப் போட வேண்டாம், குடிக்காதவங்களுக்கும் வரும். உங்களுக்கு முதல்ல லேசாத்தான் இருந்திருக்கும். இந்த டியூப்ல இருக்கிறது ஸ்டீராய்டு. போட்டதும் அடக்கும், விட்டா எகிறும். ரெண்டு வருஷமா தீயில எண்ணெய் ஊத்தியிருக்கீங்க.”

“அப்ப இதுக்கு மருந்தே இல்லையா டாக்டர்?”

“இருக்கு. நல்லாவே கேக்கும்.” வெயில் எவ்வளவு நேரம் படுகிறது, எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது, காப்பி எவ்வளவு சூடாகக் குடிப்பீர்கள், சவரம் செய்தபின் என்ன தடவுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். எஞ்சின் அவர் இடது முழங்காலை ஒட்டியே கொதித்துக்கொண்டிருக்கும். காப்பி நாக்கு பொத்துப்போகிற சூட்டில் இருந்தால்தான் அவருக்கு இறங்கும். சவரத்துக்குப் பிறகு ஸ்பிரிட் கலந்த லோஷன், அதுவும் கன்னத்தில் அறைந்து அறைந்து. டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தடவ ஒரு ஜெல், சாப்பிட ஒரு மாத்திரை, வெயிலுக்கு ஒரு கிரீம் எழுதினார். லோஷனுக்குத் தடை, காப்பியை ஆற்றிக் குடிக்க உத்தரவு.

“ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க. டியூபை நிறுத்தினதும் முகம் இப்ப இருக்கிறதைவிட மோசமாகும். சில வாரம் அப்படித்தான் இருக்கும். பயந்து மறுபடி அதை எடுத்துட்டீங்கன்னா மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

“அடுத்த மாசம் கூட்டம் இருக்கு டாக்டர்.”

“சான்றிதழ் தர்றேன்.”

“காகிதத்தை யாரு பாப்பாங்க? மூஞ்சியத்தான் பாப்பாங்க” என்றார் அவர். குரல் அழுகிறவன் குரல்போல வந்தது.

டாக்டர் சொன்னது அச்சுப்பிசகாமல் நடந்தது. ஒரு வாரத்தில் முகம் வெந்துபோனதுபோல ஆயிற்று. கட்டிகள் சீழ் கோத்தன. தலையணை பட்டால் எரிந்தது, காற்று பட்டால் எரிந்தது. கண்ணைச் சிமிட்டினால் மணல் உறுத்துவதுபோல இருந்தது. டாக்டருக்கே வியாதி பிடிபடவில்லையோ, இப்படியே நின்றுவிடுமோ, கண்ணும் போய்விடுமோ என்று கண்டதையும் நினைத்து நடுங்கினார். ஷெட்டில் இப்போது யாரும் பிரேக் லைட் என்று கூப்பிடவில்லை. கேலி நின்றது அவருக்குக் கேலியைவிடப் பயமாக இருந்தது. மச்சினன் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, “மாமா, கூட்டத்துக்கு முன்னாடி மட்டும் ரெண்டு நாள் அந்த டியூபைப் போடுங்களேன், பளிச்சுன்னு போயிட்டு வந்துரலாம்” என்று ஓதிவிட்டுப் போனான்.

அந்தப் பேச்சு மண்டைக்குள்ளேயே குடைந்தது. கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சவரப் பெட்டியின் அடியில் கிடந்த பழைய டியூபை எடுத்து மூடியைத் திருகினார். கதவருகே மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

“அதை வைங்க.”

“உனக்கென்ன? நாளன்னிக்கு அத்தனை பேர் முன்னால இந்த மூஞ்சியோட நான் நிக்கணும். குடிகாரன்னு சொல்வாங்க.” அப்புறம் வாயில் வந்துவிட்டது. “நீயே தினம் மோந்து பாக்குற.”

அவள் முகம் வெளிறியது. இல்லை என்று சொல்லவில்லை. “ஆமா. பாத்தேன்” என்றாள். “ஒரு நாளும் வாடை அடிச்சதில்ல. அடிக்கலன்னு தெரிஞ்சும் மறுநாளும் பாத்தேன். எனக்குப் பயமா இருந்துச்சு. ஊர்ல எல்லாரும் சொல்றப்ப, எனக்குத்தான் எதுவும் தெரியலையோன்னு.”

 அவர் டியூபைப் பார்த்தார். போட்டால் நாளன்றைக்குக் கொஞ்சம் தணிந்த முகத்தோடு போய் வண்டியை வாங்கிவிடலாம். ஆனால் அதற்கடுத்த வாரம் இதே முகத்தோடு அந்த மூன்றாவது நிறுத்தத்தில் போய் நிற்க வேண்டுமே! அப்போது சான்றிதழும் செல்லாது, சத்தியமும் செல்லாது. மூடியை மாட்டி அவள் கையில் கொடுத்தார். அவள் அதைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

கூட்டம் ஒரு வகுப்பறையில் நடந்தது. பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெற்றோர் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் யாரோ உச்சுக்கொட்டினார்கள். மேனேஜரம்மா சான்றிதழைப் படித்தார். அவர் நினைத்ததுபோலவே ஒருவரும் காகிதத்தைப் பார்க்கவில்லை.

கண்ணாடி போட்ட அம்மா எழுந்தாள். “நான் யாரையும் தப்பா சொல்லல. ஆனா என் பொண்ணை ஏத்தி விட்டுட்டு வீட்டுக்குப் போனா, அவ போய்ச் சேர்ந்துட்டான்னு தெரியற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல. நான் என்ன பண்றது?”

அவள் கண்ணில் இருந்தது கோபம் அல்ல என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கும் பயம். அவர் என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“நீங்க பயப்படுறது சரிதாம்மா” என்றார். “அந்த மெஷினை வண்டியிலயே வைங்க. ஷெட்ல ஊதினது போக, உங்க நிறுத்தத்துலயும் ஊதிக் காட்டுறேன். தினமும். இந்த மூஞ்சி ஆறுற வரைக்கும்.”

வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்று ஒரு நொடி எதிர்பார்த்தார். “சரி, ஊதட்டும்” என்றாள் அந்த அம்மா.

அன்றிலிருந்து மூன்றாவது நிறுத்தத்தில் பஸ் நிற்கும். அவர் மெஷினை எடுத்து, வாசலைப் பார்த்துத் திரும்பி ஊதுவார். சைபர் என்று தெரிந்தும் எண் வருகிறவரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த அம்மா எட்டிப் பார்த்த பிறகே மகளை ஏற்றுவாள். பிள்ளைகளுக்கு இது நல்ல வேடிக்கையாகிவிட்டது. எண் வந்ததும் பஸ் முழுக்க “சைபர்!” என்று கத்தும். பரீட்சையில் வாங்கினால் உதை விழுகிற மார்க்குக்கு இவருக்கு மட்டும் கைதட்டல். சிரித்துக்கொள்வார். காது மடல்வரை கூசும்.

முகம் மெதுவாகத்தான் அடங்கியது. முதலில் எரிச்சல் குறைந்தது. பிறகு சீழ்க் கட்டிகள் வற்றின. கண் தெளிந்தது. ஜெல்லையும் மாத்திரையையும் விடவில்லை. எஞ்சின் சூட்டுக்குக் குறுக்கே தடிமனான தடுப்பு ஒன்று மாட்டிக்கொண்டார், ஆறிப்போன காப்பியைக் கஷாயம்போல விழுங்கினார். மழைக்காலம் முடிகிற சமயத்தில் கன்னம் கன்னமாக இருந்தது. மூக்கில் மட்டும் வெயில் பட்டால் லேசாகச் செம்மை தட்டும். “கட்டுக்குள்ள வந்திருக்கு. போயிடுச்சுன்னு நினைச்சு மருந்தை விட்டுடாதீங்க” என்றார் டாக்டர். ஷெட்டில் பழையபடி பிரேக் லைட் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு அது தேனாக இனித்தது.

ஒரு நாள் மூன்றாவது நிறுத்தத்தில் மெஷின் வேலை செய்யவில்லை. பேட்டரி செத்துவிட்டது. தட்டிப் பார்த்தார், உதறிப் பார்த்தார்.  “அம்மா, ஷெட்ல ஊதிட்டுத்தான் வந்தேன்மா. வேணும்னா மேனேஜருக்குப் போன் போட்டு…”

“யாரு கேட்டா?” என்றாள் அந்த அம்மா. மகளின் பையைப் படியில் தூக்கி வைத்தாள். “கிளம்புங்க, நேரமாச்சு.” அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, மகளின் அவிழ்ந்த ஷூ கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நிறுத்தம் வரை அவருக்குச் சாலை கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, ஜெல்லைத் தடவிக்கொண்டு இதை மனைவியிடம் சொல்லலாம் என்று திரும்பினார். அவள் துண்டோடு நின்றிருந்தாள். ஒரு எட்டு கிட்டே வந்தாள். அவர் நினைத்துச் செய்யவில்லை. வாயைக் குவித்து அவள் முகத்துக்கு நேராக நீளமாக ஊதினார்.

அவள் திடுக்கிட்டு நின்றாள். பிறகு கண் நிறைந்துவிட்டது. “எதுக்குங்க ஊதுறீங்க?” என்றாள். “மூக்கோரத்துல மருந்து படல. அதைத் தடவத்தான் வந்தேன்.”

அவர் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் விரல் மூக்கோரத்தில் தடவி முடிக்கிறவரை அவருக்கு மூச்சை விடப் பயமாகவே இருந்தது.