முதலையைத் தாண்டாத வாத்துக்குஞ்சு

வீடியோ கேம் கடை வைத்திருப்பவனைப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டிச் சம்பாதிக்கிறவன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் அவன் பிள்ளைகளின் அழுகைக்குப் பெற்றவர்களிடம் பதில் சொல்லியே தொண்டை வற்றுகிறவன். பலூன் விற்றவர்கள், ராட்டினம் சுற்றியவர்கள், பஞ்சுமிட்டாய் வண்டி தள்ளியவர்கள் என்று பிள்ளைகளை நம்பிப் பிழைப்பு நடத்தி நொந்துபோன அத்தனை பேருக்கும் நான் சொல்லப்போவது புரியும். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு என் முகத்தைப் பார்த்திருந்தால் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பீர்கள்.

எண்பதுகளின் கடைசியில், செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் அப்படி ஒரு கடை வைத்திருந்தேன். ஒரு கலர் டிவி, அதில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டி, ஒரு ஸ்டெபிலைசர், நாலு ஸ்டூல். அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினேன். பெற்ற நைனாவே என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

சின்னப் பசங்க ஆட்டம்

அந்தச் சமயம் வெளிநாட்டுக் கார்ட்டூன் படம் ஒன்று வீடியோ கேசட்டாக எங்கள் ஊர்வரை வந்திருந்தது. அம்மாவைத் தொலைத்துவிட்ட வாத்துக்குஞ்சு ஒன்று ஆற்றில் மிதந்து வரும் மரக்கட்டைகளின் மேல் தாவித் தாவி, அக்கரையில் இருக்கிற அம்மாவிடம் போய்ச் சேரும் கதை. பாஷை புரியாவிட்டாலும் பிள்ளைகளுக்கு அந்தப் படம் தலைகீழ்ப் பாடம். அதை வைத்துச் செய்த கேம் ஒன்று மெட்ராஸில் கப்பலில் வந்த வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் கிடைத்தது. அட்டை டப்பாவின் மேல் அதே மஞ்சள் வாத்துக்குஞ்சு கண்ணை உருட்டிக்கொண்டு நின்றது. "கைக்குழந்தைகூட ஆடும் சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் இனி என் கடையில்தான் என்று கனவு கண்டுகொண்டே பஸ் ஏறினேன்.

வந்ததும் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நானே ஆடிப் பார்த்தேன். கூட சேகர். டிவி ரிப்பேர் செய்கிறவன், இந்தக் கடையில் என் கூட்டாளி. ஆறு தானாக நகர்ந்தது. நாம் பொத்தானை அமுக்கினால் குஞ்சு தாவும், அவ்வளவுதான் ஆட்டம். ரெண்டு மூன்று கட்டை தாவியிருக்கும். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு முதலை எழும்பி லபக்கென்று அதை விழுங்கிவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படத்தில் முதலையே கிடையாது! மறுபடி ஆடினேன், அதே இடத்தில் அதே முதலை. அதைப் பார்த்த பிறகு பொத்தானை அமுக்கினால் எல்லாம் முடிந்துபோயிருக்கும். சேகர் வாங்கி ஆடினான். வியர்வையில் சட்டை நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் அட்டை டப்பாவைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இன்னாணா இது, பெரியவங்க ஆட்டத்த எடுத்து கொழந்த டப்பால போட்டுக் குடுத்துட்டானா?"

கைராசி

எங்கள் கடைத்தெருவில் யார் கடை திறந்தாலும் முதல் போணிக்குக் கைராசி உள்ள ஒருவரைத் தேடி அழைத்து வருவார்கள். அந்த வருஷம் எல்லோரும் தேடிப் போனது மளிகைக் கடை முதலாளியின் ஐந்து வயது மகள் செல்வியை. அவள் கையால் போணி ஆன துணிக்கடை, பாத்திரக்கடை எல்லாம் ஓகோவென்று ஓடிக்கொண்டிருந்தன. முதலை இருக்கிற விஷயம் எனக்கும் சேகருக்கும் தெரியும்தான். ஆனாலும் செல்வியின் கைராசிக்கு முன்னால் ஒரு முதலை எம்மாத்திரம் என்று ரெண்டு பேரும் மனதார நம்பினோம். இதை இன்றைக்குச் சொன்னால் யார் நம்புவார்கள்?

டிவிக்குக் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பட்டுப் பாவாடையோடு செல்வியை ஸ்டூலில் ஏற்றி உட்காரவைத்தோம். வாசலில் பாதிக் கடைத்தெரு நின்றது. பொத்தானை அமுக்கினாள், எல்லோரும் கை தட்டினார்கள், தட்டிய கை ஓய்வதற்குள் முதலை வந்துவிட்டது. பாத்திரக் கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். செல்வியின் அம்மா ஓடிவந்து மகளை வாரியெடுத்தபோது, அந்தப் பிள்ளை உதடு பிதுங்கக் கேட்டது: "அம்மா, வாத்த நான் சாவடிச்சிட்டனா?"

கெடு

கடை இருந்தது கரீம் பாய் வீட்டின் முன் அறையில். பாய் பூட்டு, தாழ்ப்பாள் வியாபாரம் செய்கிறவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. என் டிவி சாய்ந்திருந்த சுவருக்கு அந்தப்புறம் அவர் வீட்டு அடுப்படி. கைராசிப் பிள்ளையே அழுதுகொண்டு போனதில் என் கடை ஊர்முழுக்கப் பிரபலமாகிவிட்டது. எப்படித்தான் சாகிறது பார்ப்போம் என்று பிள்ளைகள் வந்தார்கள், பார்த்தார்கள், அழுதார்கள். காலையில் திறந்தால் மூடுகிறவரை ஒரே ஓலம்.

ஒரு நாள் பாய் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். இந்த அறை போனால் அந்தத் தெருவில் எனக்கு வேறு இடம் கிடையாது. செல்வியை அழவைத்தவனுக்கு யார் கடை கொடுப்பார்கள்? மில்லில் என் நாற்காலியில் ஏற்கெனவே வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான். பாய் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, தப்பா நெனைக்காத, இது இப்படியே போயிட்டிருந்தா நோன்புக்கு முந்தி சாவிய வாங்கிடச் சொல்லி எங்கூட்ல சொல்றாங்க."

கோட்டை ஏறி வந்தவர்கள்

யாராவது ஒருவர், ஒரே ஒருவர் அந்த முதலையைத் தாண்டிக் காட்டினால் போதும், பிள்ளைகள் அழுவது நிற்கும் என்று நான் காத்திருந்தேன். அப்போதுதான் கோட்டை பார்க்க வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்று பஸ்ஸில் வந்தது. ராஜகிரி மலை உச்சிவரை ஏறி இறங்கி, வியர்வைகூடக் காயாத பையன்கள் திமுதிமுவென்று என் கடைக்குள் நுழைந்தார்கள். ஒவ்வொருவராகக் குஞ்சைப் பறிகொடுத்தார்கள். பின்னாலேயே அவர்களுடைய டிரில் மாஸ்டர் வந்தார். "ஒழுக்கம் இல்ல, கவனம் இல்ல, அதான் தோக்கறீங்க. நவுறு" என்று பையனை எழுப்பிவிட்டு, கழுத்தில் தொங்கிய விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலை எழும்பியபோது அவரை அறியாமல் விசில் அலறியது. அடுத்த முறையும் அலறியது. தெருவில் போன மாட்டு வண்டி நின்றுவிட்டது. பையன்கள் ஒருவர் பின் ஒருவராக நழுவி பஸ்ஸுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள், மாஸ்டர் எழுந்திருக்கிற வழியைக் காணோம். கண்ணெல்லாம் சிவந்து, காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் ஏதோ சொந்தப் பகையைத் தீர்க்கிற மாதிரி ஆடினார். எனக்கே பயமாகிவிட்டது. கடைசியில் பஸ் டிரைவர் வாசலில் வந்து நின்று கேட்டார்: "சார், பசங்கள நான் ஊர்ல எறக்கிட்டு நாளைக்கு வந்து உங்கள ஏத்திக்கவா?"

அனந்தபுரத்துக்காரர்

அனந்தபுரத்திலிருந்து ஒருவர் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஆள் ஓங்குதாங்காக இருந்தார். "நீதான் வாத்து ஆட்டம் ஓட்றவனா?" என்று கேட்டதும் அடி விழப்போகிறது என்று நினைத்து ரெண்டடி பின்னால் போனேன். அடிக்கவில்லை. முந்தின நாள் சந்தைக்கு வந்த பையன் இங்கே ஆடிவிட்டுப் போனதிலிருந்து சோறு இறங்கவில்லையாம். "அது அம்மாகிட்ட போயிட்ச்சுன்னு உன் வாயால ஒரு வார்த்த சொல்லிடுப்பா. நான் சொன்னா நம்ப மாட்றான்" என்றார்.

நான் பையனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "போயிட்ச்சு கண்ணு. நேத்து சாயங்காலமே போயிட்ச்சு. அம்மாவும் அதுவும் சந்தோஷமா இருக்குதுங்க" என்றேன். பையன் என்னைப் பார்த்தான். பிறகு என் தோளுக்கு மேலே டிவியைப் பார்த்தான். யாரும் ஆடாத நேரத்தில் அதில் குஞ்சு மட்டும் கரையோரம் நின்றுகொண்டிருக்கும். அதைக் காட்டிக் கேட்டான்: "அப்பறம் ஏன் அது இன்னும் அங்கயே தனியா நிக்குது?"

சுவருக்கு அந்தப்புறம்

நோன்பு நெருங்கிவிட்டது. புகார் பாயுடையது அல்ல, வீட்டுக்காரம்மாவுடையது. அவரிடமே நேரில் கெஞ்சிவிடலாம் என்று பாயோடு உள்ளே போனேன். பாயம்மா அடுப்படிக் கதவின் திரைக்குப் பின்னால் நின்றார்கள். "இனிமே புள்ளைங்க அழ ஆரம்பிச்சா உடனே வெளிய அனுப்பிடறேம்மா. டிவி சத்தத்தயும் கொறச்சே வக்கிறேன்" என்றேன். "சத்தத்தக் கொறச்சிடாதீங்க" என்று பதில் வந்தது. நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"புள்ளைங்க அழறது எனக்கு இன்னா புதுசா? நாலு பெத்தவ நான். அந்தப் பாட்டுதான் தம்பி" என்றார்கள். என்ன பாட்டு என்று எனக்கு விளங்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து மெல்ல முனகிக் காட்டினார்கள். மேலே ஏறியது, இன்னும் ஏறியது, மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு இடத்தில் நின்றது. "இங்க, இந்த நிறுத்தத்துலதான் தெனமும் அறுந்து போயிடுது. திரும்ப மொதல்லேர்ந்து. சோறு வடிக்கும்போதும் இதேதான், துணி மடிக்கும்போதும் இதேதான். அது எப்படித்தான் முடியும்னு தெரியாம எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும்போல இருக்குது." நாள் முழுக்க அந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். பிள்ளைகள் போட்ட கூச்சலில் அந்த ஆட்டத்தில் ஒரு பாட்டு ஓடுகிறது என்பதையே கவனித்ததில்லை. முதலையின் வாய் திறப்பதை நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டுத் தாவினோம். அது திறப்பதற்கு முன்பே, அந்த நிறுத்தத்தில் தாவு என்று பாட்டு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பாய் அதிர்ச்சியில் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து தீர்ப்பு வந்தது: "ஒரு வாட்டியாவது அது முழுசா கேக்கணும், இல்லன்னா அந்தப் பொட்டி எங்கூட்டுச் சொவத்துல இருக்கக் கூடாது."

சாவி

நோன்புப் பிறை தெரியும் என்று எதிர்பார்த்த நாளைக்கு முந்தின நாள் மதியம் பாய் வந்தார். அவர் கேட்காமலே நான் சாவியை எடுத்து டிவியின் மேல் வைத்துவிட்டேன். கடையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சேகர் ஒவ்வொருவர் வாயிலும் விரலை வைக்கச் சொன்னான். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அன்றைக்குத்தான் என் கடையில் அந்தப் பாட்டு முதல் முறையாகக் கேட்டது. நல்ல பாட்டுதான். ஏறியது, ஏறியது. ஆற்றில் முதலையின் அடையாளமே இல்லை. பாட்டு அந்த நிறுத்தத்தைத் தொட்டதும் சுவருக்கு அந்தப்புறம் கரண்டியால் தட்டுகிற மாதிரி டொக்கென்று ஒரு சத்தம். எதற்கென்று யோசிக்காமல் தாவிவிட்டேன். குஞ்சு மேலே போன பிறகு முதலை கீழே எழும்பியது, வெறும் காற்றைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனது. ஒரு பிள்ளைகூடக் கத்தவில்லை. சேகர் வாயில் வைத்த விரலை எடுக்க மறந்து நின்றான். குஞ்சு கரையைத் தொட்டது, பாட்டு அழகாக இறங்கி வந்து முடிந்தது.

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் டிவியில் பச்சைப் பசேலென்று ஒரு காடு வந்தது. கரையில் அம்மா இல்லை. புதிதாக வேறொரு பாட்டு ஆரம்பித்தது. குஞ்சு நாலடி நடந்திருக்கும், வானத்திலிருந்து ஒரு கழுகு இறங்கி அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து ஓவென்று அலறினார்கள். பாய்க்கு முகமே வெளுத்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் டிவி மேலிருந்த சாவியைக் கையில் எடுத்தார். எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. அப்போது சுவருக்கு அந்தப்புறமிருந்து, அதுவரை என் கடையில் யாரும் கேட்டிராத பாயம்மாவின் குரல் உரக்கக் கேட்டது: "ஏங்க, சாவிய அந்தத் தம்பிகிட்டயே குடுங்க, இந்தப் பாட்டு இன்னும் முடியல!"

அந்த வாத்துக்குஞ்சு கடைசிவரைக்கும் தன் அம்மாவிடம் போய்ச் சேரவே இல்லை, அது சேராத புண்ணியத்தில் என் கடை மட்டும் பல வருஷம் நன்றாக ஓடியது.