பிழியாத பை

வீட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. பல்கலைக்கழகத்தில் அவள் வெறும் மூச்சுக்காரி. வயதானாலும் உடம்பைத் தளரவிடாமல் வைத்திருப்பது எப்படி என்று ஆராயும் கூடத்தில் அவளுக்கு வேலை. மூக்கைக் கவ்வியால் அடைத்து, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, தாத்தாக்களும் பாட்டிகளும் டிரெட்மில்லில் நடப்பார்கள். அவர்கள் விடும் மூச்செல்லாம் ஒரு பெரிய ரப்பர் பையில் போய் நிறையும். அதை அளப்பது கருவி. அளந்தபின் பையைப் பாய்போலச் சுருட்டிப் பிழிந்து காலியாக்குவது மூச்சுக்காரி. பொய் சொல்கிறவர்களின் மூச்சு மட்டும் லேசில் வெளியேறாது என்பாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அக்காவின் கணவரை அங்கே இழுத்து வந்தவளும் அவள்தான். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். நாற்காலியோடு ஒட்டிப் பிறந்தவர்போல உட்கார்ந்திருப்பார். துருப்பிடித்துவிடுவீர்கள் என்று அவள் சீண்டினாள்.

"வாழ்நாள் பூரா உக்காந்துக்கிட்டே ஊரச் சுத்தினவன் நான். இப்ப நடந்துக்கிட்டே ஒரே எடத்துல நிக்கச் சொல்றியா?" என்றவர், மறுவாரமே வந்து ஏறிவிட்டார்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. குழாய் வாயில் இருக்கும்போது பேசக்கூடாது; பேசினால் அந்தப் பை பாழ். அத்தான் சட்டத்தை மீறாதவர். ஒரே ஒரு நாள், கடைசிப் பை நிறைகிற நேரத்தில், அவளைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ சொன்னார். மோட்டார் இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை. இறங்கியதும் கேட்டால், மறந்துபோச்சு என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பாழான மூச்சுதானே, காலையில் பிழிந்துகொள்ளலாம் என்று பையின் வாயைத் திருகி மூடி, மூலைக் கொக்கியில் மாட்டிவிட்டு அவளும் கிளம்பினாள்.

காலையில் அத்தான் இல்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருந்தது.

டிரெட்மில்லில் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் மருத்துவர். அக்கா மறுக்கவில்லை, தங்கையைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை, அவளோடு பேச்சையே விட்டுவிட்டாள். கூடவே வாசற்கதவைப் பூட்டுவதையும் விட்டாள். படுக்கும்போது "கதவப் பூட்டிட்டியா?" என்று அத்தான் கேட்பார், கேட்டபிறகுதான் அக்கா எழுந்து போய்ப் பூட்டுவாள். அத்தனை வருஷத்தில் அன்றைக்கு மட்டும் அவர் கேட்காமலே தூங்கிப்போனார். அவர் கேட்காமல் எப்படிப் பூட்டுவது என்று பக்கத்து வீட்டில் சொன்னாளாம். தனியாக ஒரு கிழவி, வீடோ திறந்த வீடு. தங்கை ராத்திரிதோறும் வந்து, உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

கூடத்தில் பை மூலையிலேயே தொங்கியது. ஜன்னலில் வெயில் ஏறினால் மெல்ல விம்மும், இறங்கினால் தளரும். சூடு பட்டால் காற்று விரியும், அவ்வளவுதான் என்று ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியை எல்லோருக்கும் விளக்கினார். விளக்கிய கையோடு, பைக்கு முதுகு காட்டாதபடி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிழியலாம் என்று மூச்சுக்காரி கையை நீட்டுவாள். சொல்லிவைத்ததுபோல் அது லேசாக அசையும். நீட்டிய கை திரும்பிவிடும்.

ஆனால் எந்தப் பையும் கசியும். நாளாக ஆக அது இளைத்துக்கொண்டே வந்தது. அத்தான் சொன்னது என்னவோ, அது கேட்பாரற்ற மூலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தீர்ந்துகொண்டிருந்தது. அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. அக்கா வீட்டுக்குப் போய், திறந்துகிடந்த வாசலுக்கு வெளியே நின்றாள்.

"அக்கா, அத்தான் அன்னிக்குப் பேசினது எங்கிட்ட இருக்கு. எனக்குப் புரியல. நீ வந்து கேளு."

அக்கா நிமிர்ந்தாள். "அந்தப் பையிலயா?"

"ஆமா."

"பைத்தியம் உனக்கா எனக்கான்னு தெரியல," என்றபடியே செருப்பைத் தேடினாள்.

கூடத்தில் அக்கா பையின் வாயைக் காதோரம் வைத்துக்கொண்டாள். தங்கை அடியிலிருந்து சுருட்டத் தொடங்கினாள். பேராசிரியை ஏதோ வேலை இருப்பதுபோல் அங்கேயே நின்றார். முதலில் ரப்பர் நாற்றம்தான் வந்தது. பிறகு அக்காவின் காதோர நரைமுடி அசைந்தது. கடைசிச் சுற்றில் பையின் வாய் படபடத்து ஒரு சத்தம் வந்தது. எல்லாப் பையிலும் கடைசியில் வருகிற சத்தம். மூச்சுக்காரி ஆயிரம் தடவை கேட்டது.

அக்கா தலையை ஆட்டினாள். "இல்லீங்க, இன்னும் பூட்டல," என்றாள் தணிந்த குரலில். "இதோ, போய்ப் பூட்டிடறேன்."

அக்கா விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். துணைக்குப் போன தங்கை பழக்கதோஷத்தில் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி மரம் மாதிரி நிக்கற? உள்ள வா, கதவப் பூட்டணும்."

பூட்டின சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

பையைக் கழுவிக் காயவைத்து, வேறு யாருடைய மூச்சுக்கோ கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அன்றன்றைக்குக் கடைசிப் பையைப் பிழிந்து, அந்தச் சத்தம் வந்ததும், கூடத்தின் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க மூச்சுக்காரியின் கால் தானாகப் போகும். ஒருநாள் அப்படிப் போனபோது அவளுக்கு முன்னால் பேராசிரியை அங்கே நின்றிருந்தார். இருவரும் உள்ளே இருக்க, கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"பூட்டிட்டேன்," என்றார், யாரும் கேட்காமலே.