வலப்பக்கம் மட்டும் நடக்கும் சிறுமி

கல்லூரியில் அவள் பெயர் பூச்சி. கோடிங்கில் ‘பக்’, அதாவது பூச்சி என்று சொல்லும் பிழை எங்கே ஒளிந்திருந்தாலும் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். மாணவர்கள் கேம் உருவாக்கும் போட்டிக்குப் பேர் கொடுத்தபோது அவர்கள் மூன்று பேர். கோடிங்குக்குப் பூச்சி, இசைக்குத் தாளம் என்று எல்லோரும் அழைக்கும் வகுப்புத் தோழன், படம் வரைய அவளுடைய உயிர்த்தோழி. தோழி வரைந்த சிறுமி, தோளில் பையோடு திரையில் முதல்முறை நடந்தபோது, லேப் என்பதையும் மறந்து தோழிகள் இருவரும் கத்தியே விட்டார்கள். உதவியாளர் எட்டிப் பார்த்து முறைத்தார்.

பாதி வேலையில் தோழியின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

“மிச்சத்த அங்கிருந்து அனுப்புறேன்டி. நீ மூஞ்சிய தூக்கி வெச்சுக்காத.”

முதலில் நாள் தவறாமல் படங்கள் வந்தன. பிறகு வாரம் ஒன்று. பிறகு மெசேஜுக்கும் பதில் இல்லை, போனையும் எடுப்பதில்லை. போன் சிணுங்கும்போதெல்லாம் பூச்சி பாய்ந்து எடுப்பாள். யாராவது நோட்ஸ் கேட்டிருப்பார்கள்.

சிறுமி வலப்பக்கம் நடக்கும் படங்கள்தான் கையில் இருந்தன. இடப்பக்கத்துக்கு ஒன்றுகூட இல்லை.

“இதையே கண்ணாடி மாதிரி திருப்பிப் போடு, வேலை முடிஞ்சுது” என்றான் தாளம்.

“பை அடுத்த தோளுக்கு மாறிடும். அவ அப்படி வரையல.”

“எந்தத் தோள்ல இருந்தா யாருக்கென்ன? பத்து நாள்தான் இருக்கு!”

“அவகிட்ட கேக்காம அவ படத்துல கை வைக்க மாட்டேன்.”

“அப்போ அவளத் திரும்பவே விடாத!” எரிந்து விழுந்தான்.

“அதான் சரி. அவ திரும்பவே வேண்டாம்” என்றாள் பூச்சி. அன்றைக்கே கேமின் பழைய கட்டங்களைக் கலைத்துப் புதிதாக அமைத்தார்கள். தெருவில் வீடு வீடாகச் சிறுமி முன்னே மட்டும்தான் போவாள். கடந்த வீடு கடந்ததுதான். விளையாடிப் பார்த்தவர்கள் ஒவ்வொரு வாசலிலும் தயங்கி நின்றார்கள். அந்தத் தயக்கமே விளையாட்டாகிவிட்டது.

போட்டியன்று விளையாடிப் பார்த்த நடுவரம்மா, திரையில் கையசைக்கும் ஒரு பாட்டியின் ஜன்னலருகே சிறுமியை வெகுநேரம் நகர்த்தாமல் இருந்தார். “ஏம்மா திரும்ப முடியல?”

ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதிலை விட்டுவிட்டுப் பூச்சி சொன்னாள்: “திரும்புற படத்த வரையறதுக்குள்ள அவ போயிட்டா மேடம்.”

இரண்டாம் பரிசு. தாளம் குதித்த குதியில் நாற்காலி கவிழ்ந்தது. பூச்சி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். இந்தமுறை தோழி எடுத்தாள். செய்தியைக் கேட்டுச் சிரித்தாள், அழுதாள்.

“உன் மெசேஜ் வந்தாலே ஓடி வந்துடலாம்போல இருக்கும்டி. அதான் திறக்கவே இல்ல.”

“லீவுக்கு வருவியா?”

“அப்பாகிட்ட கேக்கணும்.”

வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று பூச்சி காத்திருந்தாள். அந்தப் பக்கம் பெண்களின் சிரிப்பு. யாரோ தோழியைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பூச்சி கேட்டிராத பெயர்.

“இதோ வரேன்” என்றாள் தோழி, அவர்களிடம்.