வாயை மறைத்துச் சொன்ன பத்துச் சொற்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம், என்னுடன் பி.எட். படித்த மலர்விழி போன் செய்தாள். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில், விசைத்தறிகள் நிறைந்த ஒரு சிற்றூரின் அரசு நடுநிலைப் பள்ளியில் அவள் ஆசிரியை. "என் செயலாராய்ச்சி பத்திக் கேட்டியே, போன்ல சொன்னா நம்ப மாட்டே. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கு. கிளம்பி வா" என்றாள்.

நான் திருவாரூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். இந்த ஆண்டு நாங்களும் ஆளுக்கொரு செயலாராய்ச்சி செய்தாக வேண்டும். பெயர்தான் பெரிது. வகுப்பில் இருக்கும் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, எதையாவது மாற்றிப் பார்த்து, பலன் இருந்ததா என்று அளப்பது, அவ்வளவுதான். பெரும்பாலும் அது கோப்புக்குள் போய்த் தூங்கிவிடும். தூங்காத ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாமே என்று விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

வியாழன் இரவு திருச்சியில் சித்தி வீட்டில் தங்கி, விடியற்காலை ஐந்து மணிக்கு நாமக்கல் பேருந்தைப் பிடித்தேன். சுமார் 85 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். நாமக்கல்லில் இட்லி சாப்பிட்டுவிட்டு ராசிபுரம் வண்டி. ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூருக்கு டவுன் பஸ் இருக்கிறது, பெண்களுக்குக் கட்டணமில்லை. கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோதான்.

ஆட்டோக்காரர் பேசிய சத்தத்தில் முதலில் சண்டைக்கு வருகிறார் என்றே நினைத்தேன். "எங்கீங்க போவோணும்? பள்ளிக்கூடத்துக்குங்களா? ஏறுங்க!" எவ்வளவு என்று பின்னாலிருந்து இரண்டு முறை கேட்டேன். பதிலே இல்லை. வண்டியை ஓரங்கட்டி, திரும்பி என் முகத்தைப் பார்த்த பிறகுதான், "எம்பது ரூவாங்க" என்றார். "எங்கூர்ல எல்லாம் தறி ஓட்டற ஆளுங்க. நானும் பதினஞ்சு வருசம் ஓட்டுனவன். சத்தமாப் பேசோணுங்க" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கிற விஷயம் இல்லை என்பது அப்போது தெரியாது.

ஊருக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோனது. வீட்டுக்கு வீடு சடக் சடக் என்று தறிகள். பல வீடுகளில் முன்னறையில் தறி, பின்னறையில் அடுப்பு, நடுவில் பாய் விரிக்க இடம். தெருவில் இரண்டு பெண்கள் ஓசையே இல்லாமல், உதட்டாலும் கையாலும் பேசிக்கொண்டு போனார்கள்.

பள்ளியில் மலர்விழி என்னை ஐந்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள். அவள் எடுத்துக்கொண்ட சிக்கல் மிகச் சாதாரணமானது: சொல்வதை எழுதச் சொன்னால் பாதி வகுப்பு தப்பும் தவறுமாக எழுதுகிறது. பயிற்சி போதவில்லை என்று நினைத்து, தினமும் காலையில் பத்துச் சொற்கள் சொல்லி எழுத வைத்தாள். மதிப்பெண்ணை நாள்தோறும் வரைபடமாகப் போட்டாள். கோடு ஏறவே இல்லை. பிறகு அவளுக்குச் சளி பிடித்து, நான்கு நாள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த நான்கு நாளும் கோடு கிணற்றில் விழுந்தது மாதிரி இறங்கிவிட்டது.

"என் குரல் அமுங்கிப்போச்சுன்னு நெனச்சேன். ஆனா அப்படின்னா எல்லாருக்கும் இறங்கணுமில்ல? சில பிள்ளைங்களுக்கு ஒரு மார்க்குகூடக் குறையல" என்றாள். குறைந்த பிள்ளைகள் வகுப்பில் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. எந்த வீட்டில் தூங்குகிறார்கள் என்று பார்த்தாள். அநேகமாக எல்லோரும் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகள்.

என் கண் முன்னே செய்து காட்டினாள். முதலில் முகம் தெரிய, "காசு." எல்லாப் பென்சிலும் ஓடியது. அடுத்து ஒரு கோப்பால் வாயை மறைத்துக்கொண்டு, அதே குரலில், "காது." பாதிப் பென்சில்கள் நின்றுவிட்டன. எனக்கு முன்னால் இருந்த சுகன்யா என்ற பெண் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்க்கவில்லை, முழிக்கவுமில்லை. கோப்பு கீழே இறங்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள். இந்தப் பிள்ளைகள் இத்தனை வருடமும் ஆசிரியர்களின் உதட்டைப் படித்தே ஐந்தாம் வகுப்பு வரை வந்திருக்கிறார்கள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் இவர்களுக்குப் பாடமே நின்றுபோயிருக்கிறது.

நான் போவதற்கு முன்பே அரசு மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து காதைச் சோதித்தபோது கணக்கு கொஞ்சம் மாறியதாம். சிலருக்கு வெறும் அழுக்கு. இரண்டு பேருக்குச் சீழ், மருந்தில் சரியாகிவிட்டது. தறி இல்லாத வீட்டுப் பையன் ஒருவனுக்கும் குறை இருந்தது. மீதிப் பேருக்குத் தறிச் சத்தத்தில் காது நரம்பு தேய்ந்திருக்கிறது, திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "என் கணக்கு முழுக்க சரியில்ல. ஆனா அந்தக் கணக்கு போடலைன்னா டாக்டரையே கூப்பிட்டிருக்க மாட்டேன்" என்றாள் மலர்விழி.

நான்கு மணிக்குக் கூட்டம். பெற்றோர் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். சுகன்யாவின் அப்பா செல்வராஜ், தறி ஓட்டுபவர், முதலில் எழுந்தார்.

"ஏனுங்க டீச்சர், எம் புள்ளைக்குக் காது கேக்கலீன்னு சொல்றீங்களாமே? ஊட்டுல டிவி போட்டா நல்லாக் கேக்குதுங்க. நாங் கூப்புட்டா மட்டும் திரும்ப மாட்டா. திமிருங்க. ரண்டு போட்டாத்தான் திரும்புவா."

மலர்விழி ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தாள். கோப்பை முகத்துக்கு நேரே பிடித்து, காலையில் சொன்ன அதே சொற்களைச் சொன்னாள். கடைசிச் சுவரில் சாய்ந்து நின்ற எனக்கு ஒவ்வொன்றும் கணீரென்று கேட்டது. மூன்றாவது சொல்லுக்குள் முக்கால்வாசிப் பேர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

"சத்தமாச் சொல்லுங்க டீச்சர்! ஒண்ணுமே கேக்கலியே!" என்று செல்வராஜ் கத்தினார். சுற்றியிருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

பக்கவாட்டில் நின்ற சுகன்யாவுக்கு டீச்சரின் உதடு தெரிந்தது. அவள் நடந்து வந்து, அப்பாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஓசையில்லாமல் உதட்டை அசைத்தாள். அவர் எழுதினார். அடுத்த சொல்லுக்கும் அவள் எட்டி டீச்சரின் உதட்டைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள், அவர் எழுதினார். அதற்கடுத்த சொல்லில் பென்சில் நின்றது. மகளையே பார்த்தார்.

"எப்ப இருந்து சாமி உனக்கு இப்படி?"

"எப்பவுமே இப்படித்தானுங்கப்பா. எல்லார்த்துக்கும் இப்படித்தானுங்களே?"

வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. செல்வராஜ் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மகளை அடித்த கையால்தான் மடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது, பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு வாக்குவாதம் வந்தது. வீட்டிலேயே நான்கு தறி வைத்திருக்கும் பாப்பாத்தி என்ற அம்மா, "தறி நின்னா அடுப்பு நின்னுருமுங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது.

"நிறுத்தச் சொல்லலீங்கக்கா. பிள்ளைங்க படுக்கற எடத்த மாத்துங்க. போன காது வராது, இருக்கறதையாவது காப்பாத்தலாம்" என்றாள் மலர்விழி. பள்ளி அறையைச் சாயங்காலம் படிக்கத் திறந்துவிடுவது என்றும், தறி ஓட்டுகிறவர்கள் காதடைப்பான் போட்டுப் பார்ப்பது என்றும் முடிவானது. பாப்பாத்தி அம்மா தன் பேரனை இரவில் தம்பி வீட்டில் படுக்க வைப்பதாகச் சொன்னார். சிலர் பாதியிலேயே எழுந்து போனார்கள். சுகன்யாவுக்குக் காதுக்கருவி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்கள். வகுப்பில் இப்போது அரைவட்டமாகத்தான் உட்காருகிறார்கள், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு மலர்விழி பேசுவதே இல்லை. அவளுடைய கோடு மெல்ல ஏறுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: தலைமையாசிரியரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். ராசிபுரத்தில் தங்க விடுதிகள் உண்டு, கிராமத்திலிருந்து கடைசிப் பேருந்தை நம்ப வேண்டாம். ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை, உண்மையாகவே போக வேண்டும் என்பவர்கள் எனக்கு எழுதுங்கள். ஆனால் அவ்வளவு தூரம் போகாமலும் இதைச் செய்யலாம். ஒரு கோப்பும் பத்துச் சொற்களும் போதும்.

திங்கட்கிழமை என் எட்டாம் வகுப்பில் செய்தேன். எங்கள் ஊர் நெல் விளைகிற ஊர், சுற்றுவட்டாரத்தில் ஒரு விசைத்தறி கிடையாது. வாயை மறைத்துக்கொண்டு முதல் சொல்லைச் சொன்னேன். இரண்டு பேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். அதில் ஒருத்தி வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள்.